வேலாயுதத்தின் வலது பாதம்

வேலாயுதத்தின் கால் தீமிதியில் வெந்துபோனதற்கு நான் காரணம். அவனுடைய விரதக் குறை அல்ல, அவனுடைய பாவம் அல்ல. நான்!

இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் வெயில், வழி, கரும்பு என்று நான்கு பக்கம் சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் சொல்லாமலேயே பேனாவை மூடிவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் யாரோ, எவரோ... தெரியாததே நல்லது. தெரிந்தவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. என் தமிழ், கோயில் அறிவிப்பு எழுதிப் பழகிய தமிழ். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவுப் பேச்சு. அப்பா, அண்ணே, மச்சான் என்று உறவைக் கூப்பிடவும், சாமியைக் கூப்பிடவும் மட்டும் தமிழ் மிஞ்சியிருக்கிறது. ஆகவே இதில் வருகிறவர்கள் பேசியதைப் பெரும்பாலும் நான்தான் தமிழாக்கி எழுதுகிறேன். ஆக்கும்போது எனக்குச் சாதகமாக ஆக்கிவிடாமல் இருக்கப் பார்க்கிறேன்.

வேலாயுதத்தை ஊரில் வேலு என்போம். ரயில் பட்டறையில் பிட்டர். கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தவன். நான் தலைநகர் போர்ட் லூயியில் சர்க்கார் குமாஸ்தா, பெயர் ராமன். பாம்ப்ளமூஸ் பக்கத்திலிருந்து இருவரும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்புவோம். அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது. பிறகு ஆளுக்கொரு சைக்கிள் வாங்கினோம். அவன் ஆசைக்கு வாங்கினான். நான் கௌரவத்துக்கு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், லா நிக்கோலியேர் ஏரிக்குக் கிளம்பிவிடுவோம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் ஒன்று மலையடிவாரத்தில் வளைந்து வளைந்து வரும். அதன் கரையோடு ஒரு மண்பாதை. கால்வாய்க் காவல்காரர் நடப்பதற்காகப் போட்டது. லாரி கிடையாது, மாட்டுவண்டி கிடையாது, பஸ்ஸின் ஹாரன் கிடையாது. ஒரு பக்கம் கருங்கல் கட்டிய கால்வாய், மறுபக்கம் ஆளை மறைக்கும் கரும்பு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தண்ணீர் ஒரு நிதானத்தில் ஓடும், நாங்களும் அதே நிதானத்தில் மிதிப்போம்.

என் அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை.

"எங்கடா போறீங்க?"

"சும்மா, அப்பா. ஏரி வரைக்கும்."

"ஏரியில என்ன வேலை?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடா ரெண்டு சைக்கிள்? ஒண்ணு போதாது?"

வேலு வாய்விட்டுச் சிரிப்பான். அப்பாவும் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். அப்பா எங்கள் அம்மன் கோயிலின் தலைவர். சிரிப்பை எளிதில் யாருக்கும் கொடுக்கமாட்டார். வேலுவுக்குக் கொடுத்தார். உள்ளே ஜன்னல் ஓரம் என் தங்கை மீனா நின்று சிரிப்பாள். அவள் சிரிப்பது எதற்கு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

தெரிந்துதான் அவர் அந்த வருடம் வேலுவிடம் நேராகச் சொன்னார். "தோட்டத்துப் பிள்ளைன்னு நான் பார்க்கலை. ஆனா என் சொந்தக்காரன் எல்லாம் பார்ப்பான். நீ இந்த வருஷம் காப்புக் கட்டு. தீயில இறங்கி ஏறு. அம்மனே ஒத்துக்கிட்டான்னா எவன் வாயைத் திறப்பான்? அடுத்த வெள்ளிக்கிழமையே தாம்பூலம் மாத்திடுவோம்."

வேலு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நானும் அந்த வருடம் காப்புக் கட்டினேன். தலைவர் மகன் கட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது, அதற்காக. என் பக்தி அவ்வளவுதான்.

எங்கள் வழக்கத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தீமிதிக்குப் பத்து நாள் முன்னால் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அதுதான் காப்பு. கட்டிவிட்டால் கவிச்சி இல்லை, மது இல்லை, பெண் இல்லை, செருப்பு இல்லை. தரையில் படுக்கை. இந்த விரதத்தைக் கிரியோலில் காரேம் என்போம். காரேம் சுத்தமாக இருந்தவனைத் தீ தொடாது. எவன் கால் வெந்ததோ அவன் காரேமை உடைத்தவன். இதற்கு மேல் விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. கால்தான் சாட்சி!

நானும் இதை நம்பினேனா? நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன். அதுதான் என் வேதனை... நம்பிக்கை இல்லாதவன் செய்திருந்தால் அது வெறும் தந்திரம். நம்பிக்கொண்டே செய்தவனை என்ன சொல்வீர்கள்?

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. "காரேமில் சைக்கிள் ஓட்டலாமா?" என்று வேலு கேட்டான். "சைக்கிள் என்ன சாராயமா?" என்றேன். இருவரும் வெறுங்காலோடு கிளம்பினோம். ஆனால் என் சைக்கிளின் பின்னால் ஒரு காகிதப் பொட்டலம் கட்டியிருந்தது. அதில் என் சப்பாத்து இருந்தது.

ஏன் என்று கேளுங்கள். என் அலுவலகத் தலைமைக் குமாஸ்தா ஒரு கலப்பினக் கனவான். பிரெஞ்சில் பேசி, பிரெஞ்சில் தும்முகிற குடும்பம். அவர்களும் சைக்கிள்காரர்கள். அலுவலகத்துப் பெரிய மேசைக்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிறுதோறும் எங்காவது போவார்கள். வெள்ளிக்கிழமை அவர் என்னிடம், "நாங்கள் இந்த வாரம் நிக்கோலியேர் போகிறோம், நீயும் சைக்கிள் வைத்திருக்கிறாயாமே, வாயேன்" என்றார். அவர் என்னைப் பார்த்து முழு வாக்கியம் பேசியது அன்றுதான்! நான் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வேலுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏரி தெரிவதற்கு முந்தைய வளைவில் இறங்கி, பொட்டலத்தைப் பிரித்துச் சப்பாத்தை மாட்டினேன். சட்டைக் கையை இழுத்து, காப்பின்மேல் பொத்தானைப் போட்டேன்.

வேலு பார்த்தான். "என்ன மச்சான் இது?"

"ஆபீஸ் ஆளுங்க இருக்காங்கடா. வெறுங்காலோட போய் நின்னா என்ன நினைப்பாங்க?"

"காரேம்ல இருக்கான்னு நினைப்பாங்க," என்றான் அவன்.

கரையில் துணி விரித்து அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். புல்லில் ஆறேழு சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. தலைமைக் குமாஸ்தாவின் மனைவி ஒரு தட்டை நீட்டினாள். உப்பிட்ட பன்றி இறைச்சி வைத்த ரொட்டி. வேலு இரண்டு கையையும் குவித்து, "மெர்சி, மாதாம். நான் காரேம்ல இருக்கேன்," என்றான். அவள் தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்து மன்னிப்புக் கேட்டாள். அவனுக்கென்று ஒரு கொத்து லிச்சிப்பழம் எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களும் தமிழர்தானே, மொஸ்யே ராமன்? உங்களுக்குக் காரேம் இல்லையா?"

நான் சிரித்தேன். ஐயோ, அந்தச் சிரிப்பு! "அதெல்லாம் பழைய ஆட்கள் செய்வது, மாதாம்," என்று பிரெஞ்சில் சொன்னேன். கோயில் தலைவரின் மகனான நான் சொன்னேன். பத்தடி தூரத்தில் வேலு லிச்சியை உரித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவன் கை ஒரு நொடி நின்றது.

ரொட்டியைத் தின்றேன். எலுமிச்சை பிழிந்த ரம் வந்தது, குடித்தேன். இன்னொன்றும் வந்தது. வெயிலில் வியர்த்து, மஞ்சள் கயிற்றின் சாயம் வெள்ளைச் சட்டைக் கையில் ஊறி வெளியே தெரிந்துவிட்டது. "அது என்ன கையில்?" என்று ஒருவர் கேட்டார். "சுளுக்கு. பற்றுப் போட்டிருக்கிறேன்," என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா! எங்கே கற்றுக்கொண்டேனோ...

நான் அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்தேன். வேலு எழுந்து ஏரிக்கரையோடு நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான். என்னை அவசரப்படுத்தவில்லை. இந்த ஒரு மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இதைத்தான் நான் கத்தியாக்கினேன்.

திரும்பும் வழியில் நான்தான் முன்னால் போனேன். பாட்டு வேறு! வழக்கமாக எங்கள் நிதானத்துக்கு அந்தப் பாதை தாராளம். அன்று எனக்கு அது போதவில்லை. மதகுப் பக்கம் பாதை குறுகுகிற இடத்தில் முன்சக்கரம் கரைக்கல்லில் ஏறியது. நான் சைக்கிளோடு கால்வாயில் விழுந்தேன். தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் சப்பாத்துக் கால் சைக்கிள் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது, தலை மேலே வரவில்லை. ரம் குடித்தவனுக்கு இடுப்பளவுத் தண்ணீர் போதும் சாவதற்கு.

வேலு ஓடுகிற சைக்கிளிலிருந்து அப்படியே குதித்தான். மதகின் அடியில் உடைந்த இரும்புத் தகடு ஒன்று இருந்தது. அதன்மேல்தான் அவன் வலது பாதம் இறங்கியது. அதை அவன் அப்போது சொல்லவே இல்லை. என் சட்டையைப் பிடித்துத் தூக்கி, காலை விடுவித்து, கரையில் உருட்டி, முதுகில் தட்டினான். நான் ரொட்டியையும் ரம்மையும் அவன் மடியிலேயே வாந்தி எடுத்தேன்.

எழுந்து உட்கார்ந்தபோதுதான் கல்லில் இரத்தம் பார்த்தேன். என்னுடையது என்று நினைத்து அலறினேன்! என் காலில் சப்பாத்து இருந்தது. ஒரு கீறல் இல்லை. அவன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை தோல் மடிந்து தொங்கியது. அதைக் கையால் அமுக்கி ஒட்டவைத்து, தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கட்டினான்.

"பா ட்ராகா, மச்சான்," என்றான். கவலைப்படாதே என்று. எனக்கு!

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "வலிக்கிறதா" என்று கேட்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியக்கூடாதுடா," என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"நீ வழுக்கி விழுந்தே, நான் இறங்கினேன். அதுதானே நடந்தது? சொல்லிடலாம்," என்றான்.

"உனக்குப் பொய் சொல்ல வராது. எப்படி விழுந்தான்னு கேட்பார், அங்கே யார் இருந்தாங்கன்னு கேட்பார், நீ எல்லாத்தையும் கொட்டிடுவே. ஒண்ணுமே பேசாதே. காப்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணு."

 அவன் இடது கையால் தன் வலது மணிக்கட்டின் மஞ்சள் கயிற்றைத் தொட்டான். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்," என்றான். காரேமை முறித்தவனுக்காக, காரேமில் இருந்தவன் காப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தான். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சத்தியம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதானே கேட்டேன்?

இதுவரை சொன்னதைக் கோழைத்தனம் என்று நீங்கள் மன்னித்துவிடக்கூடும். அவசரப்படாதீர்கள். இன்னும் இருக்கிறது.

புதன்கிழமை அவன் என்னைத் தேடி வந்தான். பாதத்தின் வெளி விளிம்பால் நடந்தான். யாராவது கேட்டால் முள் என்றுகூடச் சொல்லாமல் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தான். காயத்தின்மேல் புதுத் தோல் வெங்காயச் சருகுபோல மெலிதாகப் படர்ந்திருந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது.

"மச்சான், இந்தக் காலோட நெருப்பில இறங்க முடியாது. இந்த வருஷம் விட்டுடறேன். அடுத்த வருஷம் இறங்கறேன்."

எவ்வளவு நியாயமான பேச்சு! ஒரு நல்ல மனிதன் என்ன சொல்லியிருப்பான்? "விட்டுடு வேலு, அப்பாகிட்ட நான் பேசறேன்." அவ்வளவுதானே? நான்கு சொல், ஐந்து சொல்...

நான் சொன்னது இது: "காப்புக் கட்டிட்டு இறங்கலைன்னா அப்பா காரணம் கேட்பார். காரணம் சொன்னா நான் மாட்டிக்குவேன். சொல்லலைன்னா நீ காரேமை உடைச்சிட்டேன்னு ஆகும். மீனாவை வேற இடத்துல கொடுத்துடுவார். உனக்கு மீனா வேணுமா வேண்டாமா?"

அவன் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான்.

"ஏழெட்டு அடிதான்டா. ஓடிடலாம். நீ சுத்தமா இருந்திருக்கே, அம்மன் உன்னைச் சுடுவாளா?"

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் தங்கையைக் காட்டி மிரட்டினேன், அது ஒன்று. அம்மனைக் காட்டி ஏமாற்றினேன், அது இன்னொன்று. கிழிந்த தோல் தீயில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாததுபோல இருந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தீமிதி. ஊர் முழுக்கக் கூட்டம். மஞ்சள் உடையில் வரிசையாக நின்றோம்.  ஏழு நாள் முன்னால் பன்றியும் ரம்மும் உண்டவன் நான். அம்மன் இன்று எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். சூடு தெரிந்தது. ஓடினேன். பால்குழியில் கால் வைத்தேன். குனிந்து பாதத்தைப் பார்த்தேன்... ஒரு கொப்புளம் இல்லை!

கழுத்தில் மாலை விழுந்தது. அப்பா என் நெற்றியில் திருநீறு பூசினார். அவர் கண்ணில் தண்ணீர்.

எனக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி வேலு. அவன் ஓடவில்லை. முறைப்படி நடந்தான். நாலாவது அடியில் வலது கால் வளைந்தது. ஐந்தாவது அடியில் முழங்காலில் விழுந்தான். கையை ஊன்றி எழுந்து, மீதியையும் நடந்தே கடந்தான். பால்குழியில் அவன் கால் வைத்தபோது பாலில் இரத்தம் கலந்தது.

கூட்டத்தில் ஒரு பெண்குரல் சொன்னது: "லி ஃபின் காஸ் காரேம்!" காரேமை உடைத்துவிட்டான் என்று. அவ்வளவுதான், அது வாய்க்கு வாய் பரவியது. அவனைத் தூக்க வந்தவர்கள்கூட இரண்டடி பின்வாங்கினார்கள். மீனா பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் அடியில் அவனை உட்காரவைத்தார்கள். அப்பா வந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள்.

"வேலு, நீயே சொல்லு. என்ன பண்ணினே?"

"நான் காரேமை உடைக்கலை, மாமா." அன்றுதான் அவரை முதல்முறையாக மாமா என்று கூப்பிட்டான். உரிமையாக அல்ல... வலியில் வாய் குழறி வந்துவிட்டது.

"அப்போ தீ ஏன் சுட்டது?"

வேலு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை. நீ சொல்லுவாய் அல்லவா என்பதுபோல, சாதாரணமாகப் பார்த்தான். நான் சொல்லுவேன் என்றே நம்பினான்!

அப்பாவும் திரும்பினார். "டேய் ராமன், போன ஞாயித்துக்கிழமை பூரா நீதானே இவன்கூட இருந்தே? நீ சொல்லு. உன் காலை அம்மன் தொடலை, உன் வார்த்தையை நான் நம்பறேன். இவன் எங்கேயாவது தப்பிப் போனானா?"

என் கழுத்தில் மாலை இருந்தது. பூவாசம் மூக்கில் ஏறியது. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"நான் எல்லா நேரமும் கூட இருக்கலை, அப்பா," என்றேன். "ஏரிக்கரையில ஒரு மணி நேரம் தனியாப் போயிருந்தான்."

பாருங்கள், இதில் ஒரு பொய் உண்டா? எழுத்துக்கு எழுத்து உண்மை! இந்த உண்மையை வைத்து நான் என்னைப் பல வருடம் ஏமாற்றியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை என்று... சுற்றி நின்றவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை எதனால் வேண்டுமானாலும் நிரப்பிக்கொண்டார்கள். ஒருவர் சாராயம் என்றார். ஒருவர் கால்வாய்க் காவல்காரர் வீட்டுப் பெண் என்றார். அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேலு வாயைத் திறக்கவில்லை. அவன் மணிக்கட்டில் காப்பு இன்னும் இருந்தது.

தோட்டத்து ஆட்கள் நான்கு பேர் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அன்னதானத்தில் பரிமாறப் போனேன். ஆமாம், பரிமாறினேன். பெரியவர்கள் என் கையால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாறவில்லை. அந்த வருடத்துக்குள் மீனாவை ரிவியேர் தே ஸாங்கீய் ஊரில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கொடுத்தார்கள். வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடிக்கு. மாப்பிள்ளை அவளைவிட நிறைய மூத்தவர், கெட்டவர் அல்ல. கல்யாணத்தன்று அவள் என் காலில் விழுந்து ஆசி கேட்டாள். கொடுத்தேன்.

ரயில் நின்றுபோனது. வேலுவின் குடும்பம் ரோஷ் புவா பக்கம் குடிபோனதாகக் கேள்வி. அப்பா காலமானார். கோயில் தலைமை எனக்கு வந்தது. யாரும் கேட்காமலே வந்தது! தீ தொடாத கால் அல்லவா?

சைக்கிளை விற்றுவிட்டேன். கால்வாய்ப் பக்கம் போவதே இல்லை.

மூன்று வருடம் முன்னால் போர்ட் லூயி துறைமுகச் சாலையில் வேலுவைப் பார்த்தேன். சைக்கிளில் வந்தான். வலது பாதம் உள்பக்கம் சுருண்டு போயிருந்தது, குதிகாலால் மிதித்தான். நான் ஒரு கடைக்குள் நுழையப் பார்த்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டான்.

"ராமன்! எப்படி இருக்கே? ஞாயித்துக்கிழமை இப்பவும் போறியா?"

"இல்லை... சைக்கிளை வித்துட்டேன்."

"ஆயோ! ஏன்?" அவன் முகத்தில் உண்மையான வருத்தம். "நான் போறேன். நடக்கத்தான் கஷ்டம், மிதிக்கக் கஷ்டமில்லை. போன வாரம்கூட நிக்கோலியேர் போனேன். தண்ணி நிறைய இருக்கு."

பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மீனாவைப் பற்றிக் கேட்கவில்லை. அவிழ்த்து எத்தனையோ வருடமான காப்பின் சத்தியத்தை அவன் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நான் ஏதோ உளறிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். அவன் என்னைத் திட்டியிருந்தால், துப்பியிருந்தால்கூட எனக்கு இரவில் தூக்கம் வந்திருக்கும்.

அந்த வாரமே தெற்கே போனேன். மீனா கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்து, ரம், மதகு, சத்தியம், புதன்கிழமை... ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. முறத்தை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

நான் முடித்தேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். முன்கடையில் யாரோ உப்புக் கேட்டார்கள். எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்த ஒரு வாரம்... அவர் காயத்துக்கு நீ ஏதாவது மருந்து வாங்கிக் கொடுத்தியா?"

நான் யோசித்தேன். யோசிக்க என்ன இருந்தது?

"இல்லை," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அன்னிக்கு எல்லார் முன்னாலயும் கேட்டாங்க, எல்லார் முன்னாலயும் நீ பதில் சொன்னே. அதே கோயில்ல, அதே ஜனங்க முன்னால போய்ச் சொல்லு. என்கிட்டே சொல்லி என்ன ஆகணும்? பஸ் வந்துடும், கிளம்பு."

அதற்குப் பிறகு அவள் எனக்குக் கடிதம் எழுதவில்லை. நான் எழுதியதற்கும் பதில் இல்லை.

மூன்று தீமிதி போய்விட்டது. மூன்று முறையும் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிறவர்களின் பெயர்களை வாசித்தேன். ஒவ்வொரு முறையும், கடைசிப் பெயருக்குப் பிறகு சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். கடைசிப் பெயர் வரும். தொண்டையைச் செருமுவேன். "அன்னதானம் இருக்கிறது, எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போகவும்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

இப்போது ஊரில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து புதுக்கொடி ஏறப்போகிற பேச்சுதான். அன்றைக்குக் கோயிலில் விசேஷ பூசை, நான்தான் பேச வேண்டுமாம். எல்லாரும் வருவார்கள். குழாயடியில் அன்று நின்றவர்களில் ஆறேழு பேர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் வருவார்கள். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியும். நாட்டைப் பற்றிப் பேசுவேன், ஒற்றுமையைப் பற்றிப் பேசுவேன். கைதட்டுவார்கள்.

வேலு உயிரோடுதான் இருக்கிறான். பஸ் ஏறினால் ரோஷ் புவா அரைமணி நேரம். நான் இன்னும் போகவில்லை.